அடுக்கடுக்கான தன்னாட்சி: ஓர் அரசைக் கீழிருந்து கட்டுவது எப்படி?

ஓர் ஓடை மலைச்சரிவில் உள்ள சிற்றூர் ஒன்றில் தொடங்கி, கீழே மேலும் மூன்று ஊர்களைக் கடந்து, கடைசியில் வேறு பல ஓடைகளோடு சேர்ந்து ஓர் ஆற்றில் கலக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஊரில் இடிந்துபோன படித்துறையைச் சீர்செய்வது அந்த ஊரின் வேலை. அதற்கு அவர்கள் வேறு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் அதே ஊர் ஓடையின் குறுக்கே ஒரு தடுப்பணையைக் கட்டிவிட்டால், கீழே உள்ள மூன்று ஊர்களுக்கும் தண்ணீர் வராமல் போகும். ஆகவே அணையைப் பற்றிய முடிவை நான்கு ஊர்களும் கூடித்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஆற்றில் ஆலைக் கழிவு கலப்பதைத் தடுக்கும் காரியமோ அந்த நான்கு ஊர்களின் சக்திக்கும் மிஞ்சியது. ஆறு பாயும் நிலப்பரப்பு முழுவதிலும் செல்லுபடியாகும் ஒரு விதி இல்லாமல் அது நடக்காது. ஓடுவது ஒரே தண்ணீர்தான் என்றாலும், அதிலிருந்து எழும் கேள்விகள் மூன்று வெவ்வேறு அளவுள்ளவை. ஒவ்வொரு கேள்விக்கும் அதனால் பாதிக்கப்படும் மக்கள்கூட்டம் வேறு.

நாம் பேசவந்த கருத்து முழுவதும் இந்தச் சிறிய எடுத்துக்காட்டுக்குள் அடங்கியிருக்கிறது. ஒரு நாட்டைத் தலைநகரத்திலிருந்து ஆளப்படும் ஒற்றைப் பரப்பாகக் கருதாமல், தம்மைத் தாமே ஆண்டுகொள்ளும் சிறு சமூகங்கள் சேர்ந்து பெரிய சமூகங்களாகவும், அவை சேர்ந்து இன்னும் பெரியவையாகவும் அமைந்த ஓர் அடுக்காகக் கருதுவதே அது. ஊர், வட்டாரம், மாநிலம், நாடு என்று அடுக்குகளின் பெயர் எதுவாகவும் இருக்கலாம்; எண்ணிக்கையும் இடத்துக்கு இடம் மாறலாம். ஒவ்வோர் அடுக்கும் தனக்கு மேலே உள்ள அடுக்கின் கிளை அலுவலகமாக இல்லாமல், தன் அளவுக்குரிய விஷயங்களில் தானே முடிவெடுத்து, தானே பணம் திரட்டிச் செலவிட்டு, தவறினால் தன் மக்களுக்கே பதில் சொல்லும் ஓர் அரசாக இருக்க வேண்டும் என்பதுதான் இதில் மாறாத பகுதி.

வரைபடத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது

ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் ஏதோ ஒரு வகை அடுக்கு இருக்கிறது. வரைபடத்தை விரித்தால் சிறிய எல்லைகளுக்கு வெளியே பெரிய எல்லைகளும், அவற்றுக்கு வெளியே இன்னும் பெரிய எல்லைகளும் தெரியும். ஆனால் கோடுகளைப் பார்த்து அதிகாரம் எங்கிருந்து எங்கே பாய்கிறது என்று சொல்லிவிட முடியாது. புதிதாகப் படிக்க வருபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

1800-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நெப்போலியனின் அரசு கொண்டுவந்த ஒரு சட்டம் பிரான்சுக்குக் கச்சிதமான அடுக்கமைப்பைக் கொடுத்தது. நாடு மாவட்டங்களாகவும், மாவட்டங்கள் உட்கோட்டங்களாகவும், அவை கம்யூன் எனப்படும் ஊர்களாகவும் பிரிந்திருந்தன. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பிரிஃபெக்ட் என்ற ஆட்சியரை நெப்போலியனே நியமித்தார். பெரிய நகரங்களின் மேயர்களையும் அவரே நியமித்தார். சிற்றூர்களின் மேயர்களை நியமிக்கும் அதிகாரம் பிரிஃபெக்டிடம் இருந்தது. அதாவது, கடைக்கோடிச் சிற்றூரின் மேயர் தன் ஊராரின் பிரதிநிதியாக இல்லாமல், பாரிஸின் கை அந்த ஊர் வரை நீண்டதன் நுனிவிரலாக இருந்தார். பிற்காலத்தில் மேயர்கள் தேர்ந்தெடுக்கப்படத் தொடங்கிய பிறகும், உள்ளாட்சி முடிவுகளை முன்கூட்டியே பார்த்து அங்கீகரிக்கும் பிரிஃபெக்டின் மேற்பார்வை 1982-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை நீடித்தது.

பக்கத்து நாடான சுவிட்சர்லாந்திலும் வரைபடம் ஏறத்தாழ இதே போலத்தான் தோன்றும்: சுமார் 2,100 கம்யூன்கள், அவற்றை உள்ளடக்கிய, கன்டோன் எனப்படும் 26 மாநிலங்கள், அவற்றுக்கு மேலே கூட்டாட்சி. ஆனால் அங்கே பாய்ச்சலின் திசை வேறு. கூட்டாட்சி அரசமைப்பு தன்னிடம் ஒப்படைக்காத எல்லா விஷயங்களிலும் கன்டோன்களே இறையாண்மை உடையவை என்று அந்த அரசமைப்பின் மூன்றாவது பிரிவு சொல்கிறது. மேலே கொடுக்கப்பட்டது மட்டுமே மேலே இருக்கும்; மிச்சமெல்லாம் கீழே. ஒரு சிறு சான்று: சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த ஊர் அச்சிடப்படுவதில்லை, ஒருவர் எந்தக் கம்யூனின் குடிமகனோ அந்தப் பூர்வீக ஊரின் பெயர்தான் இருக்கும். அவர் அங்கே ஒருநாள்கூட வாழ்ந்திராமல் இருக்கலாம். ஆனாலும் குடியுரிமை என்பது ஊர், கன்டோன், நாடு என்ற மூன்று அடுக்குகளுக்கும் ஒருசேர உரியது என்ற எண்ணம் அந்தச் சிறிய தாளிலேயே பதிந்திருக்கிறது.

ஆகவே இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. மேலே உள்ள அரசு தன் வேலைச்சுமையைக் குறைத்துக்கொள்ளக் கீழே உள்ள அலுவலகங்களுக்குச் சில வேலைகளைப் பிரித்துக் கொடுப்பது அதிகாரப் பரவலாக்கத்தின் ஒரு வடிவம். கொடுத்த கையே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும். அடுக்குத் தன்னாட்சி என்பது கீழே உள்ள சமூகத்துக்கு அதிகாரம் சொந்தமாகவே இருப்பது. நடைமுறையில் இவ்விரண்டும் கலந்தே காணப்படும் என்றாலும், ஒரு நாட்டின் அமைப்பைப் புரிந்துகொள்ள முயலும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அதிகாரம் கீழே உள்ளவர்களுக்குச் சொந்தமா, மேலிருந்து பிரித்துக் கொடுக்கப்பட்டதா என்பதுதான்.

இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது

ஐரோப்பாவில் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில், மதப்போர்களால் சிதைந்துகொண்டிருந்த பிரான்சில் இருந்து எழுதிய ழான் போதான், ஒரு நாட்டுக்குள் இறையாண்மை ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும், அது பிரிக்க முடியாதது என்று 1576-இல் வாதிட்டார். நவீன அரசு என்று நாம் இன்று பழகிப்போயிருக்கும் உருவத்துக்கு அது ஓர் அடித்தளம். அதற்கு நேரெதிரான பதிலை 1603-இல் ஜெர்மானியச் சட்ட அறிஞர் யோகன்னஸ் அல்தூசியஸ் முன்வைத்தார். அவருடைய பார்வையில் அரசியல் என்பது மனிதர்கள் கூடி வாழும் கலை. குடும்பம், தொழிற்குழு, நகரம், மாகாணம், பொதுநாடு என்று ஒவ்வொரு கூட்டமும் தனக்குக் கீழே உள்ள கூட்டங்களின் உடன்பாட்டால் உருவாகிறது. நாடு என்பது தனித்தனி மனிதர்கள் மன்னரோடு நேரடியாகச் செய்துகொண்ட ஒப்பந்தமாக இல்லாமல், நகரங்களும் மாகாணங்களும் உறுப்பினர்களாகச் சேர்ந்த ஒரு கூட்டாக அவருக்குத் தெரிந்தது. 1604 முதல் அவர் எம்டன் என்ற வடகடல் துறைமுக நகரத்தின் சட்ட அதிகாரியாக இருந்து, அந்த நகரத்தின் உரிமைகளுக்காக அப்பகுதிப் பிரபுவோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கு நின்றார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவருடைய கோட்பாடு நூலறையில் மட்டும் பிறந்ததில்லை என்பது புரியும்.

இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு அமெரிக்காவில் தாமஸ் ஜெஃபர்சன் இதே எண்ணத்துக்கு வேறொரு வழியில் வந்து சேர்ந்தார். அவர் குடியரசுத் தலைவராக இருந்தபோது, 1807-இல், வெளிநாட்டுக் கடல்வணிகத்தை முடக்கும் ஒரு தடைச்சட்டம் வந்தது. கப்பல் வணிகத்தை நம்பியிருந்த நியூ இங்கிலாந்துப் பகுதியில் ஊர்கள் தோறும் நகரசபைக் கூட்டங்கள் கூடி, எதிர்ப்புத் தீர்மானங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றின. அந்தச் சிற்றூர்கள் தன் காலடியில் அரசின் அடித்தளத்தையே ஆட்டியதைத் தான் உணர்ந்ததாக 1816 பிப்ரவரியில் ஒரு கடிதத்தில் ஜெஃபர்சன் நினைவுகூர்ந்தார். இதில் வியப்பு என்னவென்றால், அவர் எடுத்துக்கொண்ட பாடம் அந்த ஊர்களை ஒடுக்க வேண்டும் என்பதாக இல்லை. நாடு முழுவதும் அப்படிப்பட்ட ஊர்கள் வேண்டும் என்பதாக இருந்தது. கவுன்ட்டி எனப்படும் ஒவ்வொரு மாவட்டத்தையும் ஐந்தாறு மைல் நீள அகலமுள்ள வார்டுகளாகப் பிரித்து, பள்ளி, சாலை, ஏழைகளின் பராமரிப்பு, காவல் போன்றவற்றை அந்த வார்டுகளிடமே விட்டுவிட வேண்டும் என்றும், வார்டுக் குடியரசு, கவுன்ட்டிக் குடியரசு, மாநிலக் குடியரசு, ஒன்றியக் குடியரசு என்று படிப்படியாக அதிகாரம் அமைய வேண்டும் என்றும் அவர் எழுதினார். ஆண்டுக்கு ஒருமுறை வாக்களிப்பதோடு நின்றுவிடாமல் அன்றாடம் ஆட்சியில் பங்கேற்பவன், தன் அதிகாரத்தை ஒரு சர்வாதிகாரி பறிக்க விடமாட்டான் என்பது அவர் எதிர்பார்ப்பு. அந்த வார்டுகளில் பெண்களுக்கும் அடிமைப்படுத்தப்பட்டவர்களுக்கும் இடமில்லை என்பதையும், எழுதியவரே நூற்றுக்கணக்கானவர்களை அடிமைகளாக வைத்திருந்தவர் என்பதையும் இந்த அழகான திட்டத்தின் அருகிலேயே வைத்துத்தான் படிக்க வேண்டும்.

இந்தியாவில் காந்தி 1946 ஜூலையில் இதை ஓர் உருவகமாகச் சொன்னார். அடித்தளம் தாங்க உச்சி மேலே அமர்ந்திருக்கும் பிரமிடைப் போலச் சமூகம் இருக்கக் கூடாது. கடலில் விரியும் வட்டங்களைப் போல, தனிமனிதனை மையமாகக் கொண்டு ஊரும், ஊர்களின் வட்டமும் விரிய வேண்டும். வெளிவட்டம் உள்வட்டத்தை நசுக்காமல் அதற்கு வலுவூட்டி, தானும் அதிலிருந்து வலுப்பெற வேண்டும் என்றார். வட்டம் என்ற சொல்லை அவர் தேர்ந்தது தற்செயலானதாக எனக்குத் தோன்றவில்லை. 'மேல்', 'கீழ்' என்ற சொற்களைப் பயன்படுத்தத் தொடங்கியதுமே கட்டளை மேலிருந்து வரும் என்ற எண்ணமும் கூடவே ஒட்டிக்கொள்கிறது. இந்தக் கட்டுரையிலும் நான் வேறு வழியில்லாமல் அச்சொற்களைத்தான் பயன்படுத்துகிறேன்.

காந்தியின் உருவகத்துக்கு எதிரான வலுவான வாதம் இரண்டே ஆண்டுகளில் வந்தது. 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில் அம்பேத்கர், கிராமம் என்பது குறுகிய மனப்பான்மையும் அறியாமையும் வகுப்புவாதமும் மண்டிய இடம் என்றும், அரசமைப்பு வரைவு கிராமத்தை விட்டுத் தனிமனிதனை அலகாக எடுத்துக்கொண்டதில் தமக்கு மகிழ்ச்சியே என்றும் பேசினார். அதே மாதம் கே. சந்தானம் முன்மொழிந்த திருத்தத்தின் வழியாகக் கிராமப் பஞ்சாயத்துகள் அரசமைப்பின் 40-ஆவது பிரிவாக இடம்பெற்றன. ஆனால் நீதிமன்றத்தின் வழியாகக் கேட்டுப் பெற முடியாத வழிகாட்டு நெறியாக மட்டுமே. 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தபோதுதான் பஞ்சாயத்து அடுக்குகளும், ஐந்தாண்டுப் பதவிக்காலமும், பெண்களுக்கும் பட்டியல் சமூகங்களுக்கும் இடஒதுக்கீடும் கட்டாயமாயின. அப்போதும், எந்தெந்த அதிகாரங்களைப் பஞ்சாயத்துகளுக்குக் கொடுப்பது என்பதை மாநிலச் சட்டமன்றங்கள் கொடுக்க'லாம்' என்ற ஒரே விகுதியில் விட்டுவிட்டார்கள். தேர்தல் கட்டாயம், அதிகாரம் விருப்பம். மாநிலத்துக்கு மாநிலம் பஞ்சாயத்துகளின் வலு இவ்வளவு வேறுபடுவதற்கு அந்த 'லாம்' முக்கியக் காரணங்களுள் ஒன்று.

எந்த வேலை எந்த அடுக்குக்கு?

ஓடைக்குத் திரும்பி வருவோம். படித்துறை ஊருக்கு, அணை நான்கு ஊர்களின் கூட்டுக்கு, ஆலைக் கழிவு ஆற்றுப்பகுதி முழுமைக்கும் என்று நாம் இயல்பாகவே பிரித்துவிட்டோம். இப்படிப் பிரிப்பதற்குப் பின்னால் உள்ள விதிக்கு 'சப்சிடியாரிட்டி' என்று பெயர். உதவி, துணைப்படை என்ற பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. ஒரு சிறிய சமூகம் தானே செய்துகொள்ளக்கூடிய வேலையைப் பெரிய சமூகம் பறித்துக்கொள்ளக் கூடாது. சிறியதால் முடியாதபோது பெரியது உதவிக்கு வர வேண்டும். 1931-இல் கத்தோலிக்கத் திருத்தந்தை (போப்) பதினோராம் பயஸ் வெளியிட்ட சுற்றுமடல் இதைத் தெளிவாக வரையறுத்தது. 1992-இல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது விதிகளுள் ஒன்றாக இதைச் சேர்த்தது.

சொல்வதற்கு எளிது, ஆனால் 'முடியாது' என்று முடிவு செய்பவர் யார்? மேலே உள்ள அரசே அதைத் தீர்மானிக்கும் என்றால், நாளடைவில் கீழே உள்ளவர்களால் எதுவுமே முடியாது என்று அது கண்டுபிடித்துவிடும். 'இன்னும் திறன் வளரவில்லை' என்பது அதிகாரத்தைக் கொடுக்க மனமில்லாதவர்களின் நிரந்தர வாதம். திறனோ அதிகாரத்தைக் கையாண்டுதான் வளரும். ஆகவே வேலைப் பிரிவினையை மேலடுக்கின் நல்லெண்ணத்துக்கு விடாமல், அரசமைப்பில் எழுதி வைத்து, தகராறு வந்தால் இரு தரப்பும் செல்லக்கூடிய ஒரு நடுவரையும் வைப்பதே வழி.

பணப்பை யாரிடம்?

ஒரு சமூகத்துக்கு உண்மையிலேயே தன்னாட்சி இருக்கிறதா என்று அறிய, அதன் தீர்மானப் புத்தகத்தைவிட வரவு செலவுக் கணக்கைப் பார்ப்பது நல்லது. செலவிடும் பணம் முழுவதும் மேலிருந்து, அதுவும் இன்ன திட்டத்துக்கு இவ்வளவு என்று தலைப்பு குறிக்கப்பட்டு வந்தால், அங்கே நடப்பது ஆட்சி ஆகாது, பட்டுவாடாதான்.

சுவிட்சர்லாந்தில் ஒருவர் தன் வருமானத்துக்கு மூன்று அடுக்குகளுக்கும் வரி செலுத்துகிறார். பல கன்டோன்களில், கன்டோன் வரியின் இத்தனை விழுக்காடு என்ற கணக்கில் கம்யூன் தன் வரியின் அளவை ஆண்டுதோறும் நிர்ணயிக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் புதிய கட்டடம் வேண்டுமா என்ற கேள்வியும், அதற்காக வரியைக் கூட்டச் சம்மதமா என்ற கேள்வியும் ஒரே மக்களிடம் வந்து சேர்கின்றன. 'அரசு கட்டித்தர வேண்டும்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. அந்த அரசு தாங்களேதான். இதைவிட வியப்பானது உச்சியில் நடப்பது. கூட்டாட்சி அரசு நேரடி வருமான வரி வசூலிக்கும் அதிகாரம் அரசமைப்பில் காலவரையறையோடுதான் தரப்பட்டிருக்கிறது. 2018-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் அதை 2035-ஆம் ஆண்டு இறுதி வரை நீட்டிக்க மக்களும் கன்டோன்களும் இசைந்தார்கள். நாட்டின் உச்ச அரசு, தன் பிழைப்புக்கான வரியைத் தொடர்ந்து வாங்கிக்கொள்ளலாமா என்று குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கீழே கேட்டு நிற்கிறது.

இதில் ஒரு சிக்கல் வெளிப்படையானது. பணக்கார ஊர் குறைந்த வரியிலேயே நிறைய வசூலித்துவிடும். ஏழை ஊர் அதிக வரி போட்டும் பள்ளியின் ஒழுகும் கூரையை மாற்ற முடியாமல் தவிக்கும். தன்னாட்சி என்ற பெயரில் ஏழை ஊரை அதன் வறுமையோடு தனியே விட்டுவிடுவது நியாயமாகாது. அதனால்தான் இப்படிப்பட்ட அமைப்புகளுக்கு வளம் மிக்க பகுதிகளிலிருந்து வறிய பகுதிகளுக்குப் பணம் செல்லும் சமன்படுத்தும் நிதி ஏற்பாடு தேவைப்படுகிறது. அந்தப் பணம் தலைப்பு குறிக்கப்படாமல், பெறும் ஊர் தன் விருப்பப்படி செலவிடத் தக்கதாக வர வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

அடுக்குகளை இணைக்கும் ஏணி

கணக்கில் ஆர்வமுள்ளவர்களுக்கு இந்தப் பகுதி பிடிக்கும். நூறு பேர் கொண்ட குழுக்களாக மக்கள் கூடுகிறார்கள், ஒவ்வொரு குழுவும் அடுத்த அடுக்குக்கு ஒருவரை அனுப்புகிறது, அப்படி வந்தவர்களும் நூறு நூறாகக் கூடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது அடுக்கின் ஓர் அவை 10,000 பேரையும், மூன்றாவது 10 லட்சம் பேரையும், நான்காவது 10 கோடிப் பேரையும், ஐந்தாவது 1,000 கோடிப் பேரையும் உள்ளடக்கிவிடும். இன்றைய உலக மக்கள்தொகையைவிட அது அதிகம். யாருமே நூறு பேருக்கு மேற்பட்ட கூட்டத்தில் உட்காராமல், ஐந்தே படிகளில் உலகம் முழுவதையும் ஓர் அமைப்புக்குள் கொண்டுவந்துவிடலாம்! மக்கள் சபைகளின் அடுக்கைக் கனவு காண்பவர்களை இந்தக் கணக்கு எப்போதும் மயக்கியிருக்கிறது.

அதே ஏணியில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. 729 பேர் கொண்ட ஒரு சமூகம் ஒன்பது ஒன்பது பேராக 81 குழுக்களாகப் பிரிகிறது. ஒவ்வொரு குழுவும் பெரும்பான்மை வாக்கால் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறது. அந்த 81 பேரும் ஒன்பது ஒன்பது பேர் கொண்ட ஒன்பது நடு அவைகளாக அமர்கிறார்கள். ஒவ்வொரு நடு அவையும் ஒருவரை அனுப்ப, ஒன்பது பேர் கொண்ட உச்ச அவை உருவாகிறது. உச்ச அவையில் பெரும்பான்மை பெற ஓர் அணிக்கு ஐந்து இடங்கள் போதும். அதற்கு ஐந்து நடு அவைகளில், ஒவ்வொன்றிலும் ஐந்து பேர், அதாவது 25 குழுக்கள் கையில் இருந்தால் போதும். அந்த 25 குழுக்களிலும் ஐந்தைந்து பேர் ஆதரவாக இருந்தால் போதும். ஆக மொத்தம் 125 பேர். 729 பேரில் 125 பேர் என்றால் ஏறக்குறைய 17 விழுக்காடு. சரியான இடங்களில் பரவியிருக்கும் 17 விழுக்காட்டினர், எந்த விதியையும் மீறாமல், எங்கும் கள்ள ஓட்டுப் போடாமல், முழுச் சமூகத்தின் உச்ச அவையைப் பிடித்துவிடலாம்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. 1918-ஆம் ஆண்டு ரஷ்ய சோவியத் அரசமைப்பில் சோவியத்துகள் எனப்படும் ஊர் மன்றங்களிலிருந்து படிப்படியாகப் பிரதிநிதிகள் மேலே சென்று, கடைசியில் அனைத்து ரஷ்ய சோவியத்துகளின் மாநாடு அமையும்படி ஏற்பாடு இருந்தது. ஒவ்வொரு படியிலும் சிறுபான்மைக் குரல்கள் வடிகட்டப்பட்டன. அதோடு நகரங்களுக்கு 25,000 வாக்காளருக்கு ஒருவர், மாகாணங்களுக்கு 1,25,000 குடிமக்களுக்கு ஒருவர் என்று அளவுகோலும் வேறுவேறாக இருந்தது. ஒரே கட்சி எல்லாப் படிகளையும் தன் பிடியில் வைத்துக்கொண்டபோது, கீழிருந்து மேலே செல்வதற்காகக் கட்டிய ஏணியில் கட்டளைகள் மேலிருந்து கீழே இறங்கின.

பரிகாரங்கள் உண்டு. மேல் அடுக்குக்கு அனுப்பப்படுபவரைத் தன் மனம்போல வாக்களிக்கும் பிரதிநிதியாகக் கருதாமல், ஊர் சொன்னதைக் கொண்டுசெல்லும் தூதராகக் கருதி, தவறினால் திரும்ப அழைக்கும் உரிமையை வைத்துக்கொள்வது ஒன்று. வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் ஹோடெனோசோனி கூட்டமைப்பில் பெருஞ்சபைக்குச் செல்லும் தலைவர்களைக் குலத்தாய்மார்கள் தேர்ந்தெடுப்பதும், தவறியவரை அவர்களே பதவி நீக்குவதும் மரபு. ஆனால் கைகள் முற்றிலும் கட்டப்பட்ட தூதர்கள் கூடினால் பேச்சுவார்த்தைக்கே இடமில்லாமல் போகும். ஆகவே பெரும்பாலான நாடுகள் இன்னொரு வழியைத் தேர்ந்துகொண்டன: ஒவ்வோர் அடுக்கின் அவையையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பது. ஏணி கொஞ்சம் தளர்கிறது. ஆனால் 17 விழுக்காட்டின் வித்தை பெருமளவு பலிக்காமல் போகிறது. என் சாய்வும் இதன் பக்கமே.

ஊரே அநியாயம் செய்தால்?

சிறிய சமூகம் என்றாலே நல்லது என்று நம்புபவர்களுக்கு அப்பென்ட்ஸெல் இன்னர்ரோடன் என்ற சின்னஞ்சிறு சுவிஸ் கன்டோனின் கதையைச் சொல்ல வேண்டும். அங்கே வாக்காளர்கள் ஆண்டுக்கொருமுறை திறந்தவெளியில் கூடி, கைதூக்கிச் சட்டம் இயற்றுகிறார்கள்; நேரடி ஜனநாயகத்துக்கு இதைவிடத் தூய வடிவம் கிடைப்பது அரிது. 1990 ஏப்ரலில் கூடிய அந்தக் கூட்டத்தில், பெண்களுக்கும் வாக்குரிமை தரலாமா என்ற கேள்விக்கு ஆண்கள் கைதூக்கி 'வேண்டாம்' என்று முடிவு செய்தார்கள். கூட்டாட்சித் தேர்தலில் பெண்கள் வாக்களிக்கத் தொடங்கி 19 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே ஆண்டு நவம்பரில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தலையிட்டு, கன்டோன் அளவிலும் பெண்களுக்கு வாக்குரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. 2000-இல் லூசர்ன் கன்டோனின் எம்மன் என்ற ஊரில், குடியுரிமை கோரி விண்ணப்பித்தவர்களின் பெயர்களை ஊரார் வாக்குச்சீட்டில் வைத்து முடிவெடுத்தபோது, இத்தாலிய வம்சாவளியினர் மட்டும் ஏற்கப்பட்டு, முன்னாள் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தோர் உள்ளிட்ட மற்றவர்கள் நிராகரிக்கப்பட்டார்கள். காரணம் சொல்லாத ரகசிய வாக்கெடுப்பால் ஒருவரின் குடியுரிமையை மறுப்பது செல்லாது என்று 2003-இல் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

அம்பேத்கரின் கவலை இதுதான். ஊருக்குள் சிறுபான்மையாக, எளியவராக, புதிதாக வந்தவராக இருப்பவருக்கு ஊரின் தன்னாட்சி என்பது ஊர்ப் பெரும்பான்மையின் தன்னாட்சியாக மட்டுமே முடிந்துவிடலாம். தலைநகரத்துக் கொடுமை தூரத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கொடுமையிலிருந்து ஒளிய இடமில்லை. அடுக்கமைப்பு இதற்குத் தரும் விடை, மேல் அடுக்குகளின் வேலைகளுள் ஒன்றாகத் தனிமனித உரிமைகளின் காவலையும் சேர்ப்பதாகும். ஊரின் சாலை எப்படி இருக்க வேண்டும் என்பதில் நாடு தலையிடக் கூடாது. அந்தச் சாலையில் யார் நடக்கலாம் என்பதை ஊர் தீர்மானிக்க நாடு விடக் கூடாது. இந்த வகையில் பார்த்தால், தனிமனிதனை அலகாகக் கொண்டவரும் ஊரை அலகாகக் கொண்டவரும் சேர்ந்து வாழக்கூடிய ஒரே வீடு இந்த அடுக்குமாடி வீடுதான். யாராவது ஒருவருக்கு முழு வீட்டையும் எழுதிவைத்தால் மற்றவரின் அச்சம் உண்மையாகிவிடும்.

கீழடுக்கைக் கலைக்க முடியுமா?

எதிர்த்திசை ஆபத்தையும் பார்க்க வேண்டும். 1980-களில் லண்டன் மாநகருக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட பெருநகர மன்றம் ஒன்று இருந்தது. அதன் தலைமையும் மார்கரெட் தாட்சரின் அரசும் அரசியலில் எதிரெதிர் துருவங்கள். 1985-இல் நாடாளுமன்றம் ஒரு சாதாரணச் சட்டத்தை நிறைவேற்றி, அடுத்த ஆண்டே அந்த மன்றத்தையும் வேறு ஆறு பெருநகரப் பகுதி மன்றங்களையும் ஒழித்துவிட்டது. லண்டனுக்கு மீண்டும் நகரளவிலான அவையும் மேயரும் கிடைத்தது 2000-இல்தான். லட்சக்கணக்கானோர் வாக்களித்து அமைத்த ஒரு மன்றத்தை மேலடுக்கு நினைத்த மாத்திரத்தில் கலைக்க முடிந்தது என்றால், அது இருந்த நாட்களிலும் கடன்வாங்கிய அதிகாரத்தில்தான் இருந்திருக்கிறது என்று பொருள்.

இந்தக் கேள்வியில் அமெரிக்க நீதிபதிகளே இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். நகராட்சிகள் மாநிலத்தின் படைப்புகள், படைத்தவர் அழிக்கவும் செய்யலாம் என்று ஐயோவாவின் ஜான் டில்லன் 1868-இல் சொன்னார். உள்ளாட்சி என்பது மாநிலத்தால் பறிக்க முடியாத உரிமை என்று மிச்சிகனின் தாமஸ் கூலி 1871-இல் மறுத்தார். அங்கே நீதிமன்றங்களில் வென்றது பெரும்பாலும் டில்லனின் தரப்பு. 1985-இல் ஐரோப்பிய மன்றம் உருவாக்கிய உள்ளாட்சித் தன்னாட்சிச் சாசனம் நடுவழியைப் பிடித்தது: ஓர் ஊரின் எல்லையை மாற்றுவதற்கு முன் அந்த ஊராரைக் கலந்தாக வேண்டும். கலந்து பேசுவதும் சம்மதம் பெறுவதும் ஒன்றில்லை என்றாலும், தலைநகரத்தின் தன்னிச்சைக்கு ஒரு வேகத்தடையாவது கிடைத்தது.

எவ்வளவு சிறியது போதுமான அளவு சிறியது?

கடைசியாக, அடி அடுக்கின் அளவு. எல்லோரும் ஒருவரையொருவர் அறியும் அளவுக்குச் சிறிதாக இருந்தால் பேச்சு எளிது. ஆனால் அப்படிப்பட்ட ஊருக்கு ஒரு பொறியாளரையோ கணக்கரையோ நியமிக்கக்கூட வருமானம் போதாது. சுவிட்சர்லாந்தில் 1850-இல் 3,200 அளவில் இருந்த கம்யூன்கள் இன்று மூன்றில் ஒரு பங்கு குறைந்திருப்பதற்குப் பெருங்காரணம் இதுதான். சிற்றூர்களில் பதவிகளுக்கு நிற்க ஆள் கிடைப்பதே பெரும்பாடாக இருக்கிறது.

கிளாருஸ் கன்டோனில் நடந்ததை அருகில் சென்று பார்க்கலாம். மலைகளுக்கு நடுவே சுமார் 40,000 பேர் வாழும் கன்டோன் அது. ஒவ்வொரு மே மாதமும் கன்டோனின் தலைநகர்ச் சதுக்கத்தில் வட்டமாகத் திரளும் வாக்காளர்களில் யார் வேண்டுமானாலும் மேடையேறி ஒரு மசோதாவுக்குத் திருத்தம் முன்மொழியலாம். பிறகு எல்லோரும் வாக்குரிமை அட்டையை உயர்த்திப் பிடிக்கிறார்கள், யாரும் எண்ணுவதில்லை, தலைமை வகிப்பவர் கண்ணாலேயே அளந்து எந்தப் பக்கம் பெரும்பான்மை என்று அறிவிக்கிறார். 2006-ஆம் ஆண்டுக் கூட்டத்தில், கன்டோனில் இருந்த 25 கம்யூன்களை 10-ஆக இணைக்கும் திட்டத்தை அரசு முன்வைத்தது. அதற்கே எதிர்ப்பு வரும் என்று அதிகாரிகள் அஞ்சிக்கொண்டிருந்தபோது, ஒரு குடிமகன் எழுந்து, 10 எதற்கு, மூன்றே போதும் என்று திருத்தம் முன்மொழிந்தார். அட்டைகள் உயர்ந்தன, திருத்தம் வென்றது. மேடையில் இருந்தவர்களே திகைத்துப்போனார்கள். முடிவை மாற்றக் கோரியவர்களுக்காக அடுத்த ஆண்டு ஒரு சிறப்புக் கூட்டம் கூட்டப்பட்டது; அதிலும் மூன்றே நின்றது. 2011 ஜனவரி 1 முதல் கிளாருஸில் இருப்பவை மூன்று கம்யூன்கள் மட்டுமே. தலைநகரம் எதுவும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. தங்கள் ஊர்களின் தனியாட்சியை முடித்துவைக்கும் அதிகாரமும் அவர்கள் கையிலேயே இருந்தது, அதை அவர்கள் ஒரு வசந்தகால ஞாயிற்றுக்கிழமையில் அட்டையைத் தூக்கிப் பயன்படுத்தினார்கள்.